ஹெர்குலஸ் சைக்கிளும் ஒரு நன்கொடை நோட்டும்

நாலு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, பேப்பரும் காபியுமா உக்காந்திருந்தப்ப வாசல்ல ஒரு பையன் வந்து நின்னான். எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கறவன்தான். விடிகாலைல ஈசிஆர் பக்கம் போனீங்கன்னா, ஒல்லி டயர் சைக்கிள்ல குனிஞ்சுகிட்டு ஒருத்தன் பறப்பான், அவன். முத்தியால்பேட்டையில கிளம்பினா கோட்டக்குப்பம் தமிழ்நாடு, அதைத் தாண்டினா காலாப்பட்டு மறுபடியும் பாண்டி. தினமும் ரெண்டு அரசாங்கத்து ரோட்டுல ஓட்டறான்.

கையில ஒரு நீள நோட்டு.

"அண்ணே, வெளிநாட்டுல ரேஸ். டீம்ல பேரு வந்துருச்சு. ஆனா செலவு நாங்களே பாத்துக்கணுமாம்."

நோட்டைப் பிரிச்சேன். முதல் பக்கத்துல பிள்ளையார் சுழி. கீழே வரிசையா பேரும் தொகையும். மளிகைக்கடை 500, டியூஷன் சார் 1000, பஞ்சர் கடைக்காரர் 200. மாரியம்மன் கோயில் செடலுக்கு வசூல் பண்ற மாதிரியே இருந்துச்சு. நானும் 500 எழுதிக் குடுத்தேன். குடுத்துட்டு காபியைக் குடிச்சா இறங்கல. நாட்டுப் பேரை முதுகுல போட்டுக்கிட்டு ஓட்டப் போறவன், பஞ்சர் கடையில 200 ரூபா வாங்கிட்டுத்தான் போகணுமா?

இதுக்கு கவர்மெண்ட் பாஷையில ஒரு சொற்றொடர் உண்டு: 'அரசுக்குச் செலவின்றி'. நம்ம விளையாட்டு அமைச்சகம் ஒரு அணியை வெளிநாடு போக அனுமதிக்கும்போது, ஒண்ணு முழுச் செலவையும் ஏத்துக்கும், இல்லேன்னா இந்த ரெண்டு வார்த்தையைப் போட்டுடும். நீ இந்தியாவுக்காகத்தான் போற, ஆனா உன் காசுல போ. அப்புறம் ரெண்டு மூணு ராத்திரி இதைப் பத்தியே தேடிப் படிச்சேன். அதுல தேறினதுதான் இந்தப் பதிவு.

சைக்கிள் ரேஸுக்கு யார் காசு குடுக்கறதுங்கற பிரச்னைக்கு நூறு வயசு தாண்டிடுச்சு. 1903ல 'லோட்டோ'ன்னு ஒரு பிரெஞ்சு பத்திரிகை விற்பனையைக் கூட்டறதுக்காக டூர் டி பிரான்ஸை ஆரம்பிச்சுது. நுழைவுக் கட்டணம் 20 பிராங்க்னு அறிவிச்சாங்க. ஆள் தேறல. 10 ஆக்கினாங்க. அதோட, தாக்குப் பிடிச்சு ஓட்டற முதல் 50 பேருக்கு தினப்படி 5 பிராங்க்னும் சொன்னாங்க. அப்புறம்தான் 60 பேர் வந்து நின்னாங்க. 2,428 கிலோமீட்டர். முடிச்சவங்க 21 பேர். பத்திரிகை விற்பனை 25,000ல இருந்து 65,000க்குப் போச்சு. அந்தத் தினப்படி இல்லேன்னா ரேஸே நடந்திருக்காது, நாம இன்னிக்கு அதைப் பத்திப் பேசிக்கிட்டும் இருக்க மாட்டோம்.

தினப்படியும் கம்பெனி ஆதரவும் இல்லாம தனியாளா ஓட்டினவங்க பாடு பெரும்பாடு. ழூல் தெலோஃப்ர்னு ஒருத்தர். நாள் பூரா மிதிச்சு ஊர் வந்து சேர்ந்ததும், கூடியிருக்கற சனங்க முன்னாடி குட்டிக்கரணம் போட்டு வித்தை காட்டி, தொப்பியை நீட்டுவாராம். விழுந்த சில்லறையிலதான் அன்னிக்கு ராத்திரி சாப்பாடும் படுக்கையும். நம்ம பையனாவது நோட்டோட வந்தான்.

1930ல பெரிய மாற்றம். அதுவரைக்கும் சைக்கிள் கம்பெனிகள்தான் அணி அனுப்பிக்கிட்டு இருந்துச்சு. ரேஸை நடத்தின ஆன்றி தெக்ராஞ்சுக்கு அந்தக் கம்பெனிகள் மேல கடுப்பு. எல்லாரையும் வெட்டிட்டு, இனிமே நாட்டு அணிகள்தான்னுட்டாரு. சரி, சோத்துக்கும் படுக்கைக்கும் யார் காசு? ரேஸ் நடத்தறவங்களே ஏத்துக்கிட்டாங்க. சைக்கிள்கூட அவங்களே குடுத்தாங்க, கம்பெனி பேர் இல்லாத மஞ்சள் சைக்கிள். அந்தச் செலவை ஈடுகட்ட ஒரு வழி கண்டுபிடிச்சாங்க பாருங்க, அதுதான் விளம்பர வண்டி ஊர்வலம். ரேஸுக்கு முன்னாடி சாக்லேட் கம்பெனி வண்டி போகும், வழி நெடுக சனங்களுக்கு சாக்லேட் வீசிட்டே. நம்மூர் தேர்தல் ஜீப் மாதிரிதான், சாக்லேட்டுக்குப் பதிலா நோட்டீஸ். இந்த ஏற்பாட்டுல ஓட்டறவன் யார் வாசல்லயும் போய் நிக்க வேண்டியதில்ல.

இதையெல்லாம் படிக்கறதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே இந்த ரேஸைப் பத்தி எனக்குத் தெரியும். சின்ன வயசுல எங்க பக்கத்து வீட்டுல ஒரு சொல்தா தாத்தா இருந்தாரு. (வெளியூர் மக்களுக்கு: சொல்தான்னா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவர். பாண்டியில தெருவுக்கு ஒரு சொல்தா வீடு உண்டு.) அல்ஜீரியாவுல இருந்துட்டு வந்தவர். ஜூலை 14 கொடியேத்தத்துக்கு மெடல் எல்லாம் குத்திக்கிட்டுப் போயிட்டு வந்து, திண்ணையில உக்காந்து சாஃப் கதையைச் சொல்லுவாரு.

அப்துல் காதர் சாஃப், அல்ஜீரியாக்காரர். 1950 டூர்ல வட ஆப்பிரிக்கா அணின்னு ஒண்ணு வந்துச்சு. அல்ஜீரியா, மொராக்கோ அப்ப பிரான்ஸ் கையில. பெர்ப்பிஞான்ல இருந்து நீம் போற நாள், கொளுத்தற வெயில். சாஃபும் அதே அணிக்காரர் மொலினேஸும் எல்லாரையும் விட்டுட்டு முன்னாடி போயிட்டாங்க. வழியில சாஃப் தள்ளாடி விழுந்து ஒரு மரத்தடியில சாஞ்சுட்டாரு. முழிச்சதும் சைக்கிளை எடுத்து, வந்த வழியே திரும்பி ஓட்ட ஆரம்பிச்சுட்டாராம். யாரோ தண்ணின்னு ஒயினைக் குடுத்துட்டாங்கன்னு ஒரு கதை, மூஞ்சியில தெளிச்சாங்கன்னு இன்னொரு கதை. தாத்தா ஒவ்வொரு வருஷமும் ஒண்ணு சொல்லுவாரு. மொலினேஸ் அன்னிக்கு ஜெயிச்சுட்டாரு, அதை அவர் சொன்னதே இல்ல :-)

இப்ப யோசிச்சா வேற ஒண்ணு உறைக்குது. 1950ல பாண்டியும் பிரான்ஸ்தானே? அல்ஜீரியாவுக்கும் மொராக்கோவுக்கும் சேர்த்து ஒரு அணி இருந்துச்சு. பிரெஞ்சிந்தியாவுக்குன்னு ஒண்ணு கிடையாது. எங்காளுங்களை பட்டாளத்துக்குத்தான் கப்பல்ல ஏத்தினாங்க. அந்த டிக்கெட்டுக்கு யாரும் நோட்டு போடல.

அடுத்ததா எங்கப்பாவோட சைக்கிள். ஹெர்குலஸ். கேரியர்ல நான், முன் பாருல தங்கச்சி. எங்க வீட்டுல அது ஒரு ஆள் மாதிரி. அம்பத்தூர்ல செஞ்சது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தோட டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து 1949ல ஆரம்பிச்ச டிஐ சைக்கிள்ஸ். ஹெர்குலஸ்ங்கற பேரு மட்டும் பர்மிங்காம்ல இருந்து வந்தது.

அந்த பர்மிங்காம் ஹெர்குலஸ் என்ன பண்ணுச்சு தெரியுமா? அம்பத்தூர்ல நம்ம அப்பாங்களுக்கு சைக்கிள் செஞ்சுக்கிட்டு இருந்த அதே காலத்துல, அங்க பிரிட்டிஷ் பையன்களுக்கு சம்பளம் குடுத்து, ஐரோப்பாவுல ரேஸ் ஓட்டப் பழக்கி, 1955 டூருக்கு அனுப்ப வழி பண்ணுச்சு. பிரிட்டன்ல இருந்து ஒரு முழு அணி டூருக்குப் போனது அதுதான் முதல் தடவை. 10 பேர் போனதுல பாரிஸ் வந்து சேர்ந்தது ரெண்டே பேர். ப்ரையன் ராபின்சன் 29ஆவது, டோனி ஹோர் 69ஆவது, அதாவது கடைசி. அந்த வருஷ முடிவுலயே ஹெர்குலஸ் கடையைக் கட்டிடுச்சு.

ராபின்சன் மட்டும் ஊருக்குத் திரும்பி உக்காந்துடல. ஐரோப்பாவுலயே தங்கி அங்கத்து அணிகளுக்கு ஓட்டினாரு. 1958ல ஒரு நாள் பந்தயத்தை ஜெயிச்சு, டூர்ல அப்படி ஜெயிச்ச முதல் பிரிட்டிஷ்காரர் ஆனாரு. 1959ல மறுபடியும். எனக்கு மண்டையில ஏறினது இதுதான்: ஒரு தடவை அனுப்பற காசு வேற, அங்கேயே வருஷக்கணக்குல இருந்து தோத்துத் தோத்துக் கத்துக்கற காசு வேற. 1955 காசுல 29ஆவது இடம். அதுக்கு மேல மூணு வருஷம் ஆச்சு ஜெயிக்க. (பின்னாடி 1997ல இருந்து பிரிட்டன் லாட்டரிப் பணத்தைத் தொடர்ச்சியா கொட்டுச்சு. 2008 பெய்ஜிங்ல சைக்கிள்ல மட்டும் 8 தங்கம். கொட்ட ஆரம்பிச்சு 11 வருஷம்.)

டூர்ல கம்பெனி அணிகள் திரும்ப வந்தது 1962ல. அதுக்குள்ள சைக்கிள் கம்பெனிகளே நொடிஞ்சு, மது, முகத்துக்குப் பூசற கிரீம்னு விக்கறவங்கதான் அணி வச்சிருந்தாங்க. அதே 1962, ஆகஸ்ட் 16ல பாண்டி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்துச்சு. ரெண்டுக்கும் சம்பந்தம் ஒண்ணுமில்ல, சும்மா சொல்லி வச்சேன்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். 1938 சிட்னி பேரரசு விளையாட்டுக்குப் போன இந்தியக் குழுவுல ஜானகி தாஸ்னு ஒரு சைக்கிள்காரர் இருந்தாரு. பின்னாடி இந்தி சினிமால நடிகர். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல இந்திய சைக்கிள் அணி முதல் தடவையா கலந்துக்குச்சு. ஹவேவாலா, அமீன், நோபிள்னு பேரைப் பாத்தாலே தெரியும், பாதிக்கு மேல பார்சிக்காரங்க. அப்புறம் 1952 ஹெல்சிங்கி, 1964 டோக்கியோ. அதோட சரி. 1964க்குப் பிறகு ஒலிம்பிக்ஸ்ல ஒரு இந்தியர்கூட சைக்கிள் ஓட்டல. பாரிஸ் 2024 வரைக்கும் இதே கதைதான்.

ஏன்னா அப்பல்லாம் ஒரு நாடு பேர் குடுத்தா ஓட்டலாம். இப்ப தகுதிப் புள்ளிகள் சேர்க்கணும். ரெண்டு வருஷம் போல ஆசியப் போட்டி, நேஷன்ஸ் கப், உலகப் போட்டின்னு கண்டம் விட்டுக் கண்டம் பறந்தாத்தான் புள்ளி. புள்ளிக்குப் பறக்கணும், பறக்கக் காசு வேணும், காசு குடுக்கறவன் மெடல் கேக்கறான், மெடலுக்கு வெளிநாட்டுல ஓட்டிப் பழகணும், அதுக்குப் பறக்கணும். சைக்கிள்னு சும்மாவா பேர் வச்சாங்க?

காசே இல்லைன்னும் சொல்ல முடியாது. பாரிஸ் ஒலிம்பிக்ஸ் தயாரிப்புக்கு 16 விளையாட்டுகளுக்கு மத்திய அரசு சுமார் 470 கோடி செலவு பண்ணுச்சு. தடகளத்துக்கு 96 கோடி, பேட்மிண்டனுக்கு 72 கோடி. குடுத்தது தப்புன்னு சொல்லல. ஜெயிக்கறவனுக்குத்தான் குடுப்பாங்க. ஜெயிக்கறதுக்கு முன்னாடி யாரு குடுப்பா?

சைக்கிளுக்கும் ஒரு காலம் குடுத்துப் பாத்தாங்க, அது நல்லாவே வேலை செஞ்சுது. 2010 காமன்வெல்த்துக்காக டெல்லி இந்திரா காந்தி ஸ்டேடியத்துல 250 மீட்டர் மரப்பலகை டிராக் கட்டினாங்க. பின்னாடி இளசுகளை அங்கேயே தங்க வச்சு, சோறு போட்டு, பயிற்சி குடுத்து, வருஷா வருஷம் வெளியூரும் அனுப்பினாங்க. நிக்கோபார்ல இருந்து தெபோரா ஹெரால்டு. 2004 சுனாமியில 9 வயசுப் பொண்ணா மரத்தைப் பிடிச்சுத் தொங்கி உயிர் பிழைச்சவங்க. 2015ல 500 மீட்டர் பந்தயத்துல உலகத் தரவரிசையில 4ஆவது இடம். அதே நிக்கோபார்ல இருந்து எசோ ஆல்பன். 2018ல சுவிட்சர்லாந்து ஏக்லுல நடந்த ஜூனியர் உலகப் போட்டியில கெய்ரின் பந்தயத்துல வெள்ளி. உலகப் போட்டி சைக்கிள்ல இந்தியாவோட முதல் மெடல். 2019ல ஜெர்மனியில எசோ, ரொனால்டோ சிங், ரோஜித் சிங் மூணு பேரும் சேர்ந்து அணி ஸ்பிரிண்ட்ல ஜூனியர் உலகத் தங்கம். 2022ல ரொனால்டோ டெல்லியில ஆசிய சீனியர் ஸ்பிரிண்ட்ல வெள்ளி. சொகுசு சைக்கிள் ஓட்டற பணக்கார வீட்டுப் பிள்ளைங்க இல்ல இவங்க. அம்பது வருஷம் காணாத மெடல், பத்து வருஷத்துல வந்துச்சு.

டிராக்குக்கு அது. எங்க பையன் ஓட்டறது ரோட்டு ரேஸ். அவனுக்கு ஸ்டேடியமும் இல்ல, விடுதியும் இல்ல. ரயில்வேயிலயோ ராணுவத்துலயோ வேலை கிடைச்சா சம்பளத்தோட ஓட்டலாம்னு பாத்துக்கிட்டு இருக்கான். கோட்டக்குப்பத்துக்காரனா இருந்தா, 2023ல தமிழ்நாடு ஆரம்பிச்ச சாம்பியன்ஸ் பவுண்டேஷனுக்கு விண்ணப்பம் போட்டுப் பாத்திருக்கலாம். இவன் வீடு ஒண்ணரை கிலோமீட்டர் இந்தப் பக்கம் இருக்கு.

நோட்டு நிறைஞ்சு, அப்பா வாங்கின வட்டிக் கடனையும் சேர்த்து, ஒரு வழியா போயிட்டு வந்தான். முப்பத்து நாலாவது வந்திருக்கான். போன வாரம் நோட்டோட மறுபடியும் வாசல்ல நின்னான். அடுத்த வசூல்னு நெனச்சு பர்ஸை எடுக்கப் போனேன். இல்ல, கணக்கு காட்ட வந்திருக்கான். கடைசிப் பக்கத்துல செலவு வரிசையா எழுதியிருந்துச்சு. சைக்கிள் பெட்டிக்கு விமானத்துல கட்டின கூடுதல் லக்கேஜ் காசு, அவன் அங்க இருந்த அத்தனை நாள் சாப்பாட்டை விட அதிகம்.

"எப்படிடா இருந்துச்சு?"ன்னேன்.

"முதல் 80 கிலோமீட்டர் அவங்களோடயே இருந்தேன்ணே. காத்து பக்கவாட்டுல அடிச்சதும் வரிசையா சாய்ஞ்சு ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் போனாங்க பாருங்க, எங்க போய் ஒட்டறதுன்னே தெரியல. அதை இங்க யாரும் சொல்லித் தரலண்ணே. இன்னும் நாலு ரேஸ் அங்கேயே ஓட்டினா பிடிச்சுடுவேன்."

அப்புறம் கணக்குல விரலை வச்சான்.

"340 ரூபா மிச்சம் இருக்குண்ணே. எல்லாருக்கும் பிரிச்சா ஆளுக்கு அஞ்சு ரூபாகூட வராது. ரெண்டு டியூப் வாங்கிக்கவா?"