அயலார் துணையும் அகத்துப் பகையும்

பகை பூண்ட இரு நாடுகளுக்கிடையே அகப்பட்டு அல்லலுற்ற அரசுகளின் கதை உலக வரலாற்றில் பல உண்டு. அவற்றுள் ஒன்று, நம்மவர் பலர் இன்று வீடு கட்டி, மக்களைப் பள்ளிக்கு அனுப்பி, வாழ்ந்துவரும் ஹைதராபாத் நகரத்திலேயே நிகழ்ந்தது. 1947 ஆகஸ்டு 15 முதல் 1948 செப்டம்பர் 17 வரையுள்ள பதின்மூன்று மாதங்களே அதன் காலம்.

ஹைதராபாத் சமஸ்தானம் 82,000 சதுர மைலுக்கு மேற்பட்ட பரப்புடையது. ஏறத்தாழ ஒரு கோடியே அறுபது லட்சம் மக்களைக் கொண்டது. தெலுங்கு, மராத்தி, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகள் அங்கு வழங்கின. குடிகளில் பெரும்பாலோர் இந்துக்கள், அரசர் முஸ்லிம். நாற்புறமும் இந்திய நிலம் சூழ்ந்திருக்க, கடற்கரை ஓர் அடிகூட அதற்கில்லை. ஆங்கிலேயர் வெளியேறும் வேளையில், ஏழாம் நிஜாமாகிய மீர் உஸ்மான் அலிகான், இந்தியாவுடனும் சேராமல் பாகிஸ்தானுடனும் சேராமல் தனியரசாக நிற்கப்போவதாக அறிவித்தார்.

இத்துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? விடை காண ஒன்றரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். மராத்தியருக்கும் மைசூருக்கும் அஞ்சிய இரண்டாம் நிஜாம், பிரெஞ்சுத் தளபதிகளைக் கொண்டு ஒரு படையைப் பயிற்றுவித்தார். 1798-இல் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, அப்படையைக் கலைத்து, கும்பெனிப் படையைத் தம் செலவில் வைத்துக்கொண்டார். அப்படை தங்கிய பாசறையே பின்னர் சிக்கந்தராபாத் எனப் பெயர் பெற்றது. சென்னைச் சிப்பாய்களோடும் அவர்களுக்குப் பண்டம் வழங்கிய வணிகர்களோடும் தமிழர் அங்கு குடியேறிய வரலாறும் அதனோடு தொடங்குகிறது. அன்று முதல் நிஜாம் குடும்பத்தின் அரியணையைத் தாங்கி நின்றது குடிகளின் இசைவன்று, அயலார் படையே. 1947-இல் அந்தத் தாங்கல் விலகியபோது, அதற்கு ஈடாக வேறொரு தாங்கலைத் தேடும் எண்ணமே அரண்மனைக்கு எழுந்தது.

டில்லியுடன் உடன்படிக்கை பேசி முடிக்க அரசரின் ஆலோசகர்கள் முயன்றனர். 1947 அக்டோபர் இறுதியில், அவர்கள் டில்லிக்குப் புறப்படவிருந்த இரவில், இத்திஹாதுல் முஸ்லிமீன் கட்சியினர் அவர்களுடைய வீடுகளைச் சூழ்ந்து பயணத்தைத் தடுத்துவிட்டனர். அக்கட்சியின் தலைவர் லாத்தூர் வழக்கறிஞரான காசிம் ரஜ்வி. அவருடைய தொண்டர் படைக்கு ரஜாக்கர் என்று பெயர். உருதுவில் அச்சொல்லின் பொருள் தன்னார்வத் தொண்டர் என்பதே. நல்ல சொல் ஒன்று ஓராண்டிற்குள் அச்சத்தின் பெயராகிவிட்டது. நவம்பர் 29-ஆம் நாள், உள்ள நிலை ஓராண்டுக்கு நீடிக்கும் என்று ஓர் இடைக்கால ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆனால், அதற்குமுன் பாகிஸ்தான் தூதுக்குழுவில் ஐக்கிய நாடுகள் சபைக்குச் சென்றிருந்த மீர் லாயக் அலியே ஹைதராபாத்தின் பிரதம மந்திரியாக வந்தார்.

ஒப்பந்தம் இருபுறமும் தேயலாயிற்று. ஹைதராபாத் அரசு பாகிஸ்தானுக்கு 20 கோடி ரூபாய் பெறுமான இந்தியக் கடன்பத்திரங்களைக் கடனாகக் கொடுத்தது. சிட்னி காட்டன் என்னும் ஆஸ்திரேலிய விமானி, கராச்சியிலிருந்து இரவு நேரங்களில் விமானங்களைச் செலுத்தி, ஆயுதங்களைக் கொணர்ந்து சேர்த்தார். பின்னர் இங்கிலாந்தில் அவருக்குக் கிடைத்த தண்டனை 200 பவுன் அபராதமே. இந்திய சர்க்காரோ, பண்டங்கள் செல்லும் வழிகளை நெருக்கியது. மருந்தும் வரவில்லை என்று ஹைதராபாத் முறையிட்டது. எல்லைக்கு இப்பால் சமஸ்தானக் காங்கிரஸ் தொண்டர்கள் முகாமிட்டு, சுங்கச் சாவடிகளையும் காவல் நிலையங்களையும் தாக்கினர்.

இப்போட்டிக்கெல்லாம் வெளியே, நாட்டுப்புறத்தில் வேறொரு தீ முன்னமே எரிந்துகொண்டிருந்தது. தெலங்கானாக் கிராமங்களில் தேஷ்முக்குகள் என்னும் பெருநிலக்காரர்கள் உழவரிடமும் தொழிலாளரிடமும் கூலியின்றி வேலை வாங்கினர். அதற்கு வெட்டி என்று பெயர். 1946 ஜூலை 4-ஆம் நாள், கடவெண்டி என்ற சிற்றூரில் நிலக்காரரின் ஆட்கள் சுட்டதில் தொட்டி கொமரய்யா மாண்டார். அதன்பின் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைமையில் உழவர்கள் படைக்கலம் ஏந்தினர். பகலில் ரஜாக்கரும் போலீசாரும், இரவில் கொரில்லாக் குழுவினரும் வர, இருவருக்கும் சோறிட வேண்டிய நிலையில் சிற்றூர்கள் தவித்தன. 1948 ஆகஸ்டில் பைரான்பள்ளிக் கிராமத்தார் ரஜாக்கரை எதிர்த்து நின்று, பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். எண்ணற்ற குடும்பங்கள் எல்லை தாண்டி, சென்னை மாகாணத்தின் கிருஷ்ணா மாவட்டத்திலும் பிற மாகாணங்களிலும் அடைக்கலம் புகுந்தன.

இதனை இந்து–முஸ்லிம் பகையென்று மட்டும் கூறுதல் பொருந்தாது. இம்ரோஸ் என்ற உருதுப் பத்திரிகையின் இளம் ஆசிரியர் ஷுஐபுல்லாகான், இந்தியாவுடன் இணைவதே நன்றென்றும் ரஜாக்கரின் போக்குத் தீதென்றும் எழுதினார். அவ்வாகஸ்டிலேயே நகரத் தெருவில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் எழுதிய கையும் துண்டிக்கப்பட்டது.

ரஜாக்கரைத் தடைசெய்து, இந்தியப் படை மீண்டும் சிக்கந்தராபாத்தில் தங்க இசையுமாறு டில்லி கோரியது, நிஜாம் இசையவில்லை. அவருடைய அரசு பாதுகாப்புச் சபையில் முறையிட்டது. செப்டம்பர் 11-இல் ஜின்னா காலமானார். 13-ஆம் நாள் விடியலில் இந்தியப் படை பல திசைகளினின்றும் புகுந்தது. ஷோலாப்பூர் வழியாக வந்த முதன்மைப் பிரிவுக்கு மேஜர் ஜெனரல் சௌதுரி தலைவர். பாரிசில் கூடிய பாதுகாப்புச் சபை 16-ஆம் நாள் ஹைதராபாத் முறையீட்டை எடுத்துக்கொண்டது. மறுநாள் மாலையில் நிஜாம், போர் நின்றதென வானொலியில் அறிவித்தார். பாகிஸ்தானிலிருந்து ஒரு படையும் வரவில்லை. பிரிட்டனிலிருந்து ஒரு சொல்லும் பயன்படவில்லை.

போர் ஐந்து நாளில் முடிந்தது, துன்பம் முடியவில்லை. படை நுழைந்தபின் பல மாவட்டங்களில், ரஜாக்கரின் கொடுமையில் பங்கில்லாத முஸ்லிம் குடும்பங்கள் பழிக்குப் பழியாகத் தாக்கப்பட்டன. நேருவின் விருப்பப்படி விசாரித்த பண்டித சுந்தர்லால் குழு, இறந்தோர் தொகை 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என மதிப்பிட்டது. உயிரைப் பணயம் வைத்து அயல்வீட்டு முஸ்லிம்களைக் காத்த இந்துக்களையும் அக்குழு குறிப்பிட்டது. அவ்வறிக்கை பல்லாண்டு வெளியிடப்படாமலே கிடந்தது. உழவர் போராட்டமோ இந்தியப் படையையும் எதிர்த்து நீண்டு, 1951 அக்டோபரில்தான் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டுப் பொதுத் தேர்தலில் அப்போராட்டத்தின் தலைவர்களுள் ஒருவரான ரவி நாராயண ரெட்டி, நல்கொண்டாத் தொகுதியில் நேருவைவிட அதிக வாக்குகள் பெற்றார். துப்பாக்கிகள் நடுவே யாரும் கேளாதிருந்த கேள்விக்கு, குடிகள் வாக்குச் சீட்டால் விடையளித்தனர்.

அயலார் துணையின் கணக்கு மட்டும் லண்டனில் நெடுங்காலம் தீராதிருந்தது. சரணடைந்த பின், செப்டம்பர் 20-இல், நிஜாம் அரசின் பெயரில் லண்டன் வங்கியொன்றில் இருந்த 10,07,940 பவுன் பாகிஸ்தான் ஹை கமிஷனரின் கணக்குக்கு மாற்றப்பட்டது. தம் அனுமதியின்றி நடந்ததென நிஜாம் திருப்பிக் கேட்டார். வங்கி எவருக்கும் கொடுக்கவில்லை. 1957-இல் பிரபுக்கள் சபை வரை சென்றும் வழக்குத் தீரவில்லை. 1967-இல் நிஜாமே மறைந்தார். அப்பணம் ஆயுதங்களுக்கான ஈடு என்ற பாகிஸ்தானின் வாதத்தை ஏற்காமல், 2019 அக்டோபர் 2-ஆம் நாள் லண்டன் உயர்நீதிமன்றம் இந்தியாவுக்கும் நிஜாமின் வாரிசுகளுக்கும் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதற்குள் தொகை ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பவுனாக வளர்ந்திருந்தது. பணம் எழுபத்தோராண்டில் வட்டியோடு திரும்பியது. பைரான்பள்ளியில் வீழ்ந்தோருக்கும், பழிக்கு இரையானோருக்கும் திரும்பி வரத்தக்கது ஏதுமில்லை.

அந்நாளின் நிகழ்ச்சியை அரசாங்கம் போலீஸ் நடவடிக்கை என்றது. பலர் விடுதலை என்றனர். உருது பேசுவோரில் பலர் வீழ்ச்சி என்றே வழங்கினர். 2022 முதல் மத்திய அரசு செப்டம்பர் 17-ஐ விடுதலை நாளாகக் கொண்டாட, மாநில அரசு அதே நாளை ஒருமைப்பாட்டு நாள் என்றும், பின்னர் மக்களாட்சி நாள் என்றும் பெயரிட்டது. ஒரு நாளுக்கு இத்தனை பெயர்கள் வாய்த்திருப்பது, அதனைக் கண்டோர் வெவ்வேறு வாசல்களில் நின்று கண்டனர் என்பதைக் காட்டுகிறது. அண்டை வீட்டார் அந்நாளை எப்பெயரால் வழங்குகின்றனர் என்று கேட்டறிந்த பின் பேசுவதே, அந்நகரத்தைத் தம் ஊராக்கிக்கொண்ட நம்மவர்க்கு அழகு.