பாவனையும் பறப்பும்: போர் விமானப் பயிற்சிப் பொறிகளின் வரலாறு

நீச்சல் கற்க விரும்புவோன் நீரில் இறங்கியே ஆகவேண்டும். நிலத்திற் கிடந்து கைகால்களை அசைப்பதால் அக்கலை கைவராது. ஆயினும் ஆகாய விமானம் செலுத்தக் கற்போன், வானில் ஏறுமுன் நிலத்தில் இருந்தவாறே தன் கலையின் பெரும்பகுதியைக் கற்றுவிடுகின்றான். ஆழமில்லா நீரிற் செய்யும் பிழைக்கு ஒரு மிடறு நீரே தண்டனை. வானிற் செய்யும் பிழைக்கோ உயிரே விலை. இவ்வேறுபாடே, சிமுலேற்றர் என வழங்கும் பறப்புப் பாவனைப் பொறியைத் தோற்றுவித்தது. இன்று அப்பொறியின் சிறுவடிவம் வீட்டுக் கணினியிலும் புகுந்துவிட்டது. கொடகவெலவிலோ இரக்குவானையிலோ வாழும் ஒரு மாணவன், தேயிலையும் இறப்பரும் சூழ்ந்த தன் இல்லத்தில் இருந்தவாறே, எவ்-16 போர் விமானத்தைத் திரையிற் செலுத்தலாம். அவன் கைக்கு அடங்கி இயங்கும் அவ்விமானம் மெய் விமானத்தை ஒத்ததா? எவ்வளவுக்கு ஒத்தது? அதனை அளந்தறிந்தோர் யாவர்? இவ்வினாக்கள் விளையாட்டைப் பற்றியன போலத் தோன்றினும், இவற்றுக்கு விடைகாண முயன்றோர் வரலாறு விளையாட்டன்று. விமானிகளின் இழப்புக்களும் விஞ்ஞானிகளின் பொறுமையும் அவ்வரலாற்றின் இரு கரைகளாகும்.

பறத்தல் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே பாவனையும் தொடங்கிற்று. 1910 ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டினர், அன்ரனெற் என்னும் விமானத்தைச் செலுத்தப் பழகுவதற்காக, பாதியாக வெட்டிய பீப்பாயை மேலும் கீழுமாக அமைத்து, அதன்மீது மாணவனை இருத்தினர். பிறர் பீப்பாயை அசைக்க, அவன் சக்கரங்களைத் திருப்பிச் சமநிலை காக்கவேண்டும். அப்பொறியில் இயற்கை விதி எதுவும் இல்லை. அசைப்போரின் மனப்போக்கே அதன் விதியாக இருந்தது.

விதிக்குட்பட்ட பொறியை முதலில் வெற்றியுடன் அமைத்தவர் அமெரிக்கரான எட்வின் லிங்க் ஆவார். நியூயோர்க் மாநிலத்திலுள்ள பிங்ஹாம்ரனில் அவருடைய தந்தையார் பியானோவும் ஓர்கன் வாத்தியமும் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். நம்மவர் ஆர்மோனியத்திற் காணும் துருத்தியின் இனத்தைச் சேர்ந்த துருத்திகளே ஓர்கனுக்கும் உயிர்மூச்சு. அத்துருத்திகளைக் கொண்டு, 1929 இல், சிறு விமானம் ஒன்றின் உருவத்தை நிலத்திற் சாயவும் திரும்பவும் செய்தார் லிங்க். தொடக்கத்தில் விமானப் படையினர் அதனைப் பொருட்படுத்தவில்லை. கேளிக்கைக் களங்களிலேயே அது பெரிதும் விலைபோயிற்று. 1934 இல் அமெரிக்க இராணுவ விமானிகளிடம் தபால் கொண்டுசெல்லும் பணி ஒப்படைக்கப்பட்டது. மூடுபனியிலும் இருளிலும் மானிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பழக்கம் அவர்களுட் பலருக்கு இல்லை. சில வாரங்களுக்குள் விமானிகள் பலர் மாண்டனர். அதன் பின்னரே இராணுவம் லிங்கின் பொறிகளில் ஆறினை வாங்கிற்று. இரண்டாம் உலக மகாயுத்தம் முடிவதற்குள் ஏறத்தாழப் பத்தாயிரம் பொறிகள் செய்யப்பட்டன. நேச நாடுகளின் விமானிகள் பல இலட்சம்பேர் அவற்றிற் பயின்றனர்.

லிங்கின் பொறி எந்த விமானத்தையும் அப்படியே ஒத்ததன்று. வெளியுலகம் தெரியாதவாறு மூடிய அறையில் மானிகளைப் பார்த்துப் பறக்கப் பழக்குவதே அதன் நோக்கம். அந்நோக்கத்துக்குப் போதிய உண்மை அதில் இருந்தது. எதிரியைத் துரத்தவும் எதிரியிடமிருந்து தப்பவும் கற்பிக்கும் உண்மை இல்லை. 1942 ஏப்ரல் 5 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் எதிர்த்தெழுந்தன. வேகமும் திருப்பமும் கணத்துக்குக் கணம் மாறும் அத்தகைய வான்போரின் கையாளுகையைக் கற்பிக்கும் நிலத்துப் பொறி அன்று உலகில் எங்கும் இருக்கவில்லை. அதனைப் போரே கற்பித்தது; கற்றுமுடியுமுன் பலர் உயிர் நீத்தனர்.

துருத்தியால் ஆகாததைக் கணிதம் செய்யத் துணிந்தது. வானிற் செல்லும் விமானம் முன்பின், பக்கம், மேல்கீழ் என மூவகையாக இடம்பெயரும். மூன்று அச்சுக்களைப் பற்றிச் சுழலவும் செய்யும். இவ்வாறு இயக்கங்களை விவரிக்கும் வகையீட்டுச் சமன்பாடுகள் நியூற்றனின் விதிகளினின்று பெறப்படுவன. ஒவ்வொரு கணத்திலும் சிறகின்மீதும் வாலின்மீதும் காற்று எவ்வளவு விசை செலுத்துகின்றது என்பதை அறிந்தால், அடுத்த கணத்தில் விமானம் எங்கே எந்நிலையில் இருக்கும் எனக் கணிக்கலாம். ஆனால் அக்கணிப்பு, மெய் விமானம் அசையும் வேகத்திலேயே முடிதல் வேண்டும். இதற்கென 1944 இல் அமெரிக்கக் கடற்படையின் வேண்டுகோளின்படி மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே பொறெஸ்ரர் தலைமையில் ஒரு முயற்சி தொடங்கிற்று. பாவனைப் பொறி செய்யப் புகுந்தோர், அதற்கேற்ற விரைவான கணினி இல்லாமையால், முதலிற் கணினியையே ஆக்கவேண்டியவராயினர். வேர்ள்விண்ட் எனப் பெயர் பெற்ற அக்கணினி 1951 இல் இயங்கியது. பாவனைப் பொறி கைவிடப்பட்டது. பறப்பைப் பாவிக்கும் ஆசை கணினி வரலாற்றுக்கே ஓர் உந்துதலாயிற்று என்பது இதனாற் புலனாகும்.

சமன்பாடு இருந்தால் மட்டும் போதாது. அதில் இடுவதற்கு அளந்தறிந்த எண்கள் வேண்டும். காற்றுச் சுரங்கத்தில் விமானத்தின் மாதிரியுருவை நிறுத்தி, காற்றோட்டத்துக்குச் சிறகு சாய்ந்துள்ள கோணத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, விசைகளை அளந்து அட்டவணையிடுவர். கோணம் கூடக்கூட உயர்த்துவிசை கூடும். ஓர் எல்லை கடந்ததும் காற்றோட்டம் சிறகை விட்டுப் பிரிய, அவ்விசை குலையும். பயணிகள் விமானம் அவ்வெல்லையை அணுகுவதில்லை. போர் விமானமோ அவ்வெல்லையின் விளிம்பிலேயே போர் புரிகின்றது. ஆகவே போர் விமானப் பாவனையின் மெய்ம்மை, நேராகப் பறக்கும்போதன்று, குலையும் தறுவாயிலேயே சோதிக்கப்படும்.

இதற்கு எவ்-16 விமானத்தின் வரலாறு தக்க சான்றாகும். அமெரிக்காவின் லாங்லி ஆய்வு நிலையத்தார் காற்றுச் சுரங்க அளவீடுகளையும் பாவனைப் பொறியையும் கொண்டு ஆராய்ந்து, அவ்விமானம் ஏறத்தாழ 60 பாகைக் கோணத்தில் மூக்கை நிமிர்த்தியவாறே சிக்கிக்கொண்டு, விமானியின் ஆணைக்கு அடங்காது கீழிறங்கக்கூடும் எனக் கண்டனர். வேறு சுரங்கத்தில் எடுத்த அளவீடுகள் அவ்வாறு காட்டவில்லை. எது மெய் என்பதைப் பின்னர் வானமே தீர்த்தது: சோதனைப் பறப்பொன்றில் விமானம் அந்நிலையிற் சிக்கிற்று. அதன்பின் மீளும் வழியும் பாவனைப் பொறியிலேயே தேடப்பட்டது. ஊஞ்சலை உந்துவோன் அதன் அசைவோடு இசைந்து உந்துவதுபோல, விமானியும் மூக்கின் மெல்லிய அசைவோடு இசைந்து தண்டை முன்னும் பின்னும் அசைத்தால், அசைவு பெருகி விமானம் விடுபடும் எனக் கண்டனர். 1979 இல் வெளியான அவர்தம் ஆய்வறிக்கையின் அட்டவணைகளைப் பிற்காலத்தில் மாணவரும் ஆர்வலரும் பயன்படுத்தலாயினர்.

இக்காலத்தில் மற்றுமொரு மாற்றம் நிகழ்ந்தது. முன்னைய விமானங்களில் விமானியின் தண்டுக்கும் சிறகின் மடல்களுக்கும் கம்பிகளும் கோல்களுமே தொடர்பாக இருந்தன. புதியனவற்றில் விமானியின் விருப்பம் மின்குறியாகக் கணினியை அடைய, கணினியே மடல்களை அசைக்கின்றது. அதனால், தானாக நிலைத்து நில்லாத விமானத்தையும் பறக்கச்செய்தல் கூடும். விரல்நுனியில் நிறுத்திய கோலை விழாது காப்பவன் இடையறாது கையை அசைப்பதுபோல, கணினி ஒரு விநாடிக்குப் பல தடவை திருத்தம் செய்துகொண்டே இருக்கும். திருத்தத்தின் விதிகள் முதலில் நிலத்துப் பாவனைப் பொறியில் எழுதிச் சோதிக்கப்பட்டு, பின்னரே விமானத்திற் பதிக்கப்படும். எனவே பாவனை, பறப்பின் நிழல் என்ற நிலை மாறி, பறப்புக்கே மூலமாயிற்று.

அம்மூலத்திற் பிழை இருப்பின் விளைவு யாது என்பதைச் சுவீடன் நாடு கண்டது. அந்நாட்டின் கிறிப்பென் விமானம் 1989 பெப்ரவரியில் லிங்சொப்பிங் நகரில் இறங்கும்போது நிலைகுலைந்து வீழ்ந்தது. விதிகள் திருத்தப்பட்ட பின்னும், 1993 ஓகத்தில் ஸ்ரொக்ஹோம் நகரில் மக்கள் திரண்டிருந்த விழாவின்போது மீண்டும் ஒன்று வீழ்ந்தது. விமானி பதற்றத்துடன் தண்டைப் பெரிதாகவும் விரைவாகவும் அசைக்க, மடல்கள் அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமற் பின்தங்கின. விமானியின் திருத்தமும் கணினியின் திருத்தமும் ஒன்றையொன்று கெடுத்தன. நிலத்துப் பொறியில் அமர்ந்திருப்பவனுக்கு உயிரச்சம் இல்லை. அவன் கை பதறுவதில்லை. ஆதலால் இத்தகைய குறை அங்கே எளிதில் வெளிப்படுவதில்லை. சமன்பாட்டில் இடம்பெறாத உறுப்பொன்று உண்டு. அது மனிதனுடைய அச்சம்.

இவ்வுண்மை உலகறிந்த காலத்திலேயே பாரத நாடு தன் இலகு போர் விமானத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. 1983 இல் அனுமதி பெற்ற அத்திட்டத்தின்படி அமையவிருந்தது, கிடைவால் இல்லாத முக்கோணச் சிறகு விமானம். தானாக நிலைத்து நில்லாதது. 1992 இல் அதன் ஆளுகை விதிகளை வகுப்பதற்குத் தேசிய விண்ணூர்தி ஆய்வுகூடத்தின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. பெங்களூரிலுள்ள பாவனைப் பொறிகளில் விமானிகளும் விஞ்ஞானிகளும் அவ்விதிகளைப் பலவாறு சோதித்தனர். நிலத்துச் சோதனை மட்டும் போதாதென உணர்ந்து, 1996 இல் அமெரிக்காவில் வேறொரு சோதனையும் நடத்தினர். பிறிதொரு விமானத்தின் வேடம் பூணும்படி மாற்றியமைத்த எவ்-16 விமானத்தில் தம் விதிகளைப் பதித்து, வானிலேயே பாவனை செய்தனர். அங்கே பாவனைக்குரியது விமானத்தின் குணமே. காற்றும் உயரமும் உயிரச்சமும் மெய்யானவை.

1998 மே மாதத்தில் பாரதம் பொக்ரானில் அணுச்சோதனை நடத்தியதும், அமெரிக்கா தடை விதித்தது, ஒத்துழைப்பு நின்றது. அக்காலத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் தலைவராக விளங்கியவர் இராமேசுவரம் ஈன்ற அப்துல் கலாம் ஆவார். எஞ்சிய பணியைப் பாரத விஞ்ஞானிகளே செய்து முடிக்கவேண்டியதாயிற்று. 1995 நவம்பரிலேயே உருவம் பெற்று வெளிக்கொணரப்பட்ட விமானம், ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக நிலத்திலேயே காத்திருந்தது. அத்தாமதத்தை எள்ளியோர் பலர். 2001 சனவரி 4 ஆம் நாள் விங் கொமாண்டர் ராஜீவ் கோத்தியால் அதனைப் பெங்களூர் வானில் 18 நிமிடம் செலுத்தி நலமே இறக்கினார். பின்னர் தேஜஸ் எனப் பெயர் பெற்ற அவ்வினத்தில், 2024 மார்ச்சுவரை ஒரு விமானமேனும் விபத்தில் வீழவில்லை. 23 ஆண்டுகளின் இச்சாதனை, பாவனையிற் செலவிட்ட காலம் வீணன்று என்பதற்குச் சான்று. ஆயினும் 2025 நவம்பரில் துபாயில் நிகழ்ந்த வான்காட்சியில் தேஜஸ் ஒன்று வீழ்ந்து விமானி உயிர் நீத்தார். எத்துணைச் சாதனையும் வானுக்குப் பிணை நிற்காது.

இனி, வீட்டுக் கணினிக்கு வருவோம். 1979 இல் புரூஸ் ஆர்ட்விக் வெளியிட்ட எளிய கோட்டுருவப் பறப்பு, 1998 இல் வெளிவந்த பால்கன் 4.0, 2011 இல் அமெரிக்கப் படைப்பயிற்சிக்கெனச் செய்த பொறியினின்று கிளைத்த ஏ-10சி எனப் படிப்படியாக இக்கலை வளர்ந்தது. ஆர்வலர் சிலர் ஓய்வு நேரத்தில் காற்றுச் சுரங்க அட்டவணைகளைத் தேடிப் பதித்துள்ளனர். ஆதலின் எவ்-16 எவ்வளவு விரைவாகத் திரும்பும், திரும்புகையில் எவ்வளவு வேகம் இழக்கும், எக்கோணத்தில் ஆணைக்கு அடங்காது என்பவற்றில் இன்றைய திரைவிமானம் பெரிதும் நம்பத்தக்கதே. ஆயினும் புவியீர்ப்பின் ஒன்பது மடங்கு விசையில், 70 கிலோகிராம் நிறையுள்ள விமானி 630 கிலோகிராம் போல அழுத்தப்படுவான். குருதி தலையினின்று இறங்கப் பார்வை மங்கும். நாற்காலி இதனை உணர்த்தாது. ஆறு தண்டுகள் தாங்கி அசைக்கும் மேடையும் நீடித்து உணர்த்த இயலாது.

திரை காட்டாத மற்றொன்றும் உண்டு. மேலே குறிப்பிட்ட 1942 உயிர்த்த ஞாயிறன்று அங்கொடை மனநோய் மருத்துவமனையின்மீதும் குண்டுகள் வீழ்ந்தன. எண்ணெய்க் குதங்கள் எனத் தவறாகக் கருதியே அவை வீசப்பட்டன என்பர். அவ்விமானியின் கையாளுகையிற் குறை இருந்திராது. கீழே இருந்தோர் யார் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. வானிலிருந்து விழுவது எத்தகையது என்பதை இத்தீவின் மக்கள் பிற்காலத்திலும் நெடிது அறிந்தனர். பாவனை விமானத்தில் நிலம் என்பது வண்ணம் தீட்டிய ஒரு பரப்பு. அங்கே அழுவோர் இல்லை.

எனவே பாவனைப் பொறியின் மெய்ம்மையை மதிப்பிடுவோர், அது எதற்கு ஒத்தது, எதற்கு ஒவ்வாதது என்ற இரண்டையும் வினவுதல் வேண்டும். லிங்க் தம் பொறியின் எல்லையை அறிந்து பயன் கண்டார். லாங்லி ஆய்வாளர் தம் எண்களை வானின் தீர்ப்புக்கு விடுத்தனர். தேஜஸ் குழுவினர் ஏளனத்தைப் பொறுத்துக் காத்திருந்தனர். திரையின் முன் அமரும் மாணவன் அவ்விமானத்தின் அசைவுக்குள் நியூற்றனின் விதிகளையும் வகையீட்டுச் சமன்பாட்டையும் காண்பானாயின், அவன் விளையாட்டு கல்வியாகும். அச்சமன்பாடுகளில் அடங்காத மனிதரையும் அவன் நினைவிற்கொள்வானாயின், அக்கல்வி நிறைவு பெறும்.