கடை மூடிய பிறகு

1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்த ஜில்லா அதுதான். தர்மபுரி அப்போது அதற்குள் அடக்கம். தனி மாவட்டமானது 1965ல். பென்னாகரம் பக்கம் குடும்பம் நடத்திய என் பாட்டி அந்த நாளைப் பற்றிச் சாகும்வரை பேசினார். "உங்க தாத்தன் கூலி முழுசா என் முந்தானையில விழுந்தது அப்பத்தான் கண்ணு" என்பார். மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜியை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் சாமி பேரோடு சேர்த்துத்தான் அவர் பேரைச் சொல்வார்.

ராஜாஜி ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வக்கீலாக இருந்தவர். 1925ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தவர். குடி ஒரு கிராமத்து வீட்டை என்ன பாடு படுத்தும் என்று கிட்டத்தில் இருந்து பார்த்தார். மதுவிலக்குக்காகவே 1929ல் 'விமோசனம்' பத்திரிகையைத் தொடங்கி, கல்கியின் துணையோடு நடத்தினார். சட்டம் வந்ததும் சாயங்கால நேரத்துக்குப் பஜனை, விளையாட்டு என்று மாற்று ஏற்பாடுகளும் செய்து பார்த்தார்கள். இழந்த வருமானத்துக்கு ஈடாக 1939ல் விற்பனை வரி வந்தது.

அதற்குப் பிறகு கடை திறப்பதும் மூடுவதுமாகவே காலம் போனது. போர்க்காலத்தில் திறந்தது, 1948ல் மாகாணம் முழுக்க மூடியது. 1971ல் திறந்து, 1974ல் மூடி, 1981ல் மறுபடி திறந்தது. 1983ல் மதுவை மொத்தமாக விற்கும் அரசு நிறுவனமாக டாஸ்மாக் வந்தது. 2003ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது.

பாலக்கோடு பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த நீண்ட கதையில் எல்லோரும் கடையைப் பற்றித்தான் பேசினார்கள் என்பது என் மனத்தாங்கல். குடிப்பவனோடு உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், இரண்டு மூன்று நாளில் பிதற்றல் கண்டு உயிரே போகலாம். 1937ல் அப்படித் தவித்தவர்களும் இருந்திருப்பார்கள். பாட்டியின் கதையில் அவர்கள் இல்லை.

ஊரில் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் கோயிலில் கயிறு கட்டுவதும், மாலை போடுவதும்தான். சோற்றில் தெரியாமல் மருந்து கலப்பவர்களும் உண்டு. அந்த மருந்தோடு சாராயமும் சேர்ந்தால் ஆளையே சாய்த்துவிடும் என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கிறேன். என் தம்பி சபரிமலைக்கு மாலை போட்ட 48 நாளும் ஒரு சொட்டு தொடமாட்டான். குருசாமி, கூட மாலை போட்டவர்கள், விடியற்காலைக் குளியல், ராத்திரிப் பஜனை என்று எப்போதும் சுற்றி ஆள் இருக்கும். மலை இறங்கி மாலையைக் கழற்றினதும் அந்தக் கூட்டம் கலையும். அவனும் கடைக்குப் போவான். சாமி பயம் பாதி, கூட்டாளிகள் பாதி என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவிலும் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அது போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 1935ல் ஓஹியோ மாநிலத்து ஆக்ரன் நகரத்தில், பங்குத் தரகு வேலை செய்த பில் என்பவரும் அறுவை மருத்துவர் பாபும் சந்தித்தார்கள். இருவருமே குடியில் அழிந்துகொண்டிருந்தவர்கள். பில் மட்டும் சில மாதங்களுக்கு முன் நிறுத்தியிருந்தார். ஒருவர் கதையை ஒருவர் கேட்டதில் பாபும் நிறுத்தினார். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஆம் தேதியைத்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' (ஏஏ) பிறந்த நாளாகக் கொள்கிறார்கள். சேலத்தில் கடை மூடுவதற்கு இரண்டு வருஷம் முந்தி நடந்தது இது. 1950களில் இந்தியாவுக்கும் வந்தது. சென்னையில் குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980ல் சிகிச்சை மையம் தொடங்கினார். பிறகு தஞ்சைப் பக்கம் மஞ்சக்குடியில் ஊருக்குள்ளேயே முகாம் போட்டார். இந்த அம்மாளைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும்.

எங்களுக்கு வழி சொன்னவர் ஒரு டாக்டர். "மருந்து பத்து நாளைக்கு. அப்புறம் ஏஏ கூட்டத்துக்கு அனுப்புங்க" என்றார். கூட்டம் சேலத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். "அங்க போனா குடிகாரன்னு முத்திரை குத்திருவாங்கக்கா" என்று தம்பி மறுத்தான். அடுத்த வாரம் அந்தக் குழுவிலிருந்து இரண்டு பேர் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர், பெண் கல்யாணத்துக்கு வாங்கி வைத்த நகையைத் தான் அடகு வைத்த கதையைச் சொன்னார். தம்பி தலை நிமிரவே இல்லை. அவர்கள் கிளம்பும்போது, "எத்தன மணிக்குக் கூட்டம்?" என்று கேட்டான்.

குடும்பத்தாரும் உட்காரக்கூடிய திறந்த கூட்டத்துக்குத் தம்பி பெண்சாதியோடு நானும் தொப்பூர் கணவாய் தாண்டிப் போனேன். ஒரு பள்ளிக்கூட அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ. கட்டணம் கிடையாது, கடைசியில் ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர் போடலாம். வெளியார் நன்கொடை வாங்குவதில்லை. எழுந்தவர் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார். லாரி டிரைவரும் பேங்க் மேனேஜரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள். நம் ஊரில் டீக்கடையில்கூட அப்படி எல்லோரும் ஒன்றாக உட்காராத காலத்தை நான் பார்த்திருக்கிறேன்.

வாராவாரம் பஸ் காசுக்கு முடியாமல் நின்றுபோனவர்கள் எங்கள் பக்கம் பலர். குடியை விட நினைக்கும் இரண்டு மூன்று பேர் ஒன்றாக உட்கார்ந்தாலே அது ஒரு குழு என்பது ஏஏ மரபு. அதனால் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரத்தில் ஒரு சாயங்காலம் ஓர் அறையைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டு வருகிறேன். சாவியை வாங்கவும் திருப்பிக் கொடுக்கவும் தம்பி ஆள் தயார் செய்துவிட்டான்.