கட்டளைக்குக் கீழ்ப்படிந்த கொலையாளிகள்

சினிமா பற்றித் தீவிரமாக எழுதும் நண்பர்கள் மத்தியில் நான் சொல்லக் கூச்சப்படும் விடயம் ஒன்று உண்டு. சத்யஜித் ரே, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கும் வேளையில், குறைந்த செலவில் எடுக்கப்பட்ட கொலைகார ரோபோப் படங்களை நான் இன்றும் தேடித்தேடிப் பார்க்கின்றேன் என்பதே அது. எண்பதுகளின் பிற்பகுதியில், வாடகை வீடியோ நாடாக்களின் காலத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம். நடிப்பு சுமார், வசனம் அதைவிடச் சுமார், தகரத்தில் செய்த இயந்திரத்தின் மூட்டுகள் கண்ணுக்குத் தெரியும். இருந்தும் இப்படங்கள் ஏன் மனதைவிட்டு அகல மறுக்கின்றன? இக்கேள்விக்கான விடையை அவற்றின் வரலாற்றிலேதான் தேட வேண்டும் என்று நினைக்கின்றேன்.

ரோபோ என்று நாம் சுருக்கி வழங்கும் 'ரொபோட்' என்ற சொல்லே கொலைக்கதை ஒன்றுடன்தான் பிறந்தது. செக் எழுத்தாளர் கரெல் சாபெக் 1920 இல் எழுதி, 1921 ஜனவரியில் பிராக் நகரின் தேசிய அரங்கில் மேடையேறிய 'ஆர்.யூ.ஆர்.' என்ற நாடகமே அச்சொல்லை உலகுக்குத் தந்தது. சொல்லைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் அவரது அண்ணனான ஓவியர் ஜோசப் சாபெக். 'ரொபோட்டா' என்றால் பண்ணையடிமை தன் ஆண்டைக்குச் செய்யக் கடமைப்பட்ட கட்டாய உழைப்பு. பிரித்தானியர் 1832 இல் இலங்கையில் ஒழித்த இராசகாரிய முறையை நினைவுகூர்ந்தால் அதன் பொருள் நமக்கு எளிதில் விளங்கும்.

சாபெக்கின் ரோபோக்கள் இரும்பால் ஆனவை அல்ல. தொழிற்சாலையில் செயற்கைச் சதை கொண்டு உருவாக்கப்பட்ட தொழிலாளர் அவர்கள். இறுதியில் அவர்கள் கிளர்ந்தெழுந்து மனித குலத்தைக் கொன்றொழிக்கின்றனர். ஒரேயொரு மனிதனை மட்டும் விட்டுவைக்கின்றனர். அவனும் தங்களைப் போலத் தன் கைகளால் வேலை செய்பவன் என்பதற்காகவே. ஆக, முதல் ரோபோக் கதை முதலாளிக்கு எதிரான தொழிலாளியின் கோபத்தைப் பற்றியது.

பின்னர் வந்த மலிவுப் படங்கள் அந்தக் கோபத்தை மெல்ல மெல்லக் கைவிட்டன. அவற்றில் வரும் இயந்திரம் யாரையும் வெறுப்பதில்லை. எதற்காகப் படைக்கப்பட்டதோ அந்த வேலையைச் செய்கின்றது. என்னைப் பொறுத்தவரை இப்படங்களின் பயமும் கவர்ச்சியும் இங்கேதான் இருக்கின்றன.

அந்த வரிசையின் தொடக்கத்தில் நகைப்புக்கிடமான படம் ஒன்று நிற்கின்றது. பில் டக்கர் என்ற இளைஞர் 1953 இல் இயக்கிய 'ரொபோட் மொன்ஸ்டர்', உலகின் மிக மோசமான படங்களின் பட்டியல்களில் தவறாமல் இடம்பெறுவது. ஏறத்தாழ 16,000 டொலர் செலவில், நான்கே நாட்களில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்த பாறைப் பள்ளத்தாக்கு ஒன்றில் எடுத்து முடித்தார்கள். ரோபோ உடை செய்யப் பணம் இல்லை. ஜோர்ஜ் பரோஸ் என்ற நடிகரிடம் சொந்தமாகக் கொரில்லாக் குரங்கு உடை ஒன்று இருந்தது. அதன் தலையை நீக்கிவிட்டு, சுழியோடிகளின் தலைக்கவசம் போன்ற ஒன்றை மாட்டினார்கள். வேற்றுலகத் தொடர்புச் சாதனத்தின் பக்கத்தில் சவர்க்காரக் குமிழிகளை ஊதும் கருவி ஒன்று இயங்கிக்கொண்டிருக்கும். இதுதான் மனித குலத்தை அழித்த 'ரோ-மேன்'.

சிரிக்கத்தான் தோன்றும். ஆனால், எஞ்சியிருக்கும் மனிதர்களையும் கொல்லுமாறு தன் தலைவன் கட்டளையிடும்போது இந்தக் குரங்கு ரோபோ தயங்குகின்றது. ஒரு பெண்ணைக் கொல்ல அதற்கு மனம் வரவில்லை. கட்டளைக்கும் மனதுக்கும் இடையில் தவிக்கின்றது. தயங்கிய குற்றத்துக்காகத் தலைவனாலேயே அழிக்கப்படுகின்றது. இந்தத் தயக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மறு ஆண்டில், 1954 இல், 'டார்கெட் ஏர்த்' வெளிவந்தது. வெள்ளிக் கிரகத்தின் ரோபோப் படை அமெரிக்க நகரம் ஒன்றைக் கைப்பற்றும் கதை. படை என்பது கதையில் மட்டுமே. தயாரிப்பாளரால் செய்ய முடிந்தது ஒரேயொரு ரோபோதான். ஆகவே அதனை எப்போதாவது காட்டி, மீதி நேரத்தை ஆளரவமற்ற வீதிகளால் நிரப்பினார்கள். அந்த வெறுமை ரோபோவைவிட அச்சமூட்டுவதாக அமைந்துவிட்டது. ஊர் முழுவதும் வெளியேறிவிட்ட ஒரு காலையைக் கண்டவர்களுக்கு நான் இதனை விளக்க வேண்டியதில்லை. கையில் பணம் இல்லாதவன் பயங்கரத்தைக் காட்டுவதற்குப் பதிலாக அதன் விளைவைக் காட்டுகின்றான். இந்த வகைப் படங்களின் முதற்பாடம் இதுவே.

எழுபதுகளில் இந்த வகை முதிர்ச்சி பெற்றது. மைக்கல் கிரைட்டன் எழுதி இயக்கிய 'வெஸ்ட்வேர்ல்ட்' 1973 இல் வெளிவந்தது. பெரிய கலையகத்தின் படமாயினும் ஹொலிவூட் கணக்கில் அது சிறிய செலவுதான், ஏறத்தாழ 1.25 மில்லியன் டொலர். நாளொன்றுக்கு 1,000 டொலர் கட்டணம் செலுத்துவோர் ரோபோக்களைச் சுட்டும் கூடியும் மகிழ்வதற்கான கேளிக்கைப் பூங்காவே கதைக்களம். அங்கே துப்பாக்கி வீரனாக வரும் இயந்திரம் ஒவ்வொரு நாளும் விருந்தினரைச் சண்டைக்கு இழுத்து, அவர்கள் கையால் சுடப்பட்டு விழ வேண்டும். ஒரு நாள் அது விழ மறுக்கின்றது. அவ்வேடத்தில் நடித்த யூல் பிரின்னர், 1960 இல் தான் கதாநாயகர்களுள் ஒருவராக நடித்த 'த மெக்னிஃபிசன்ட் செவன்' படத்தில் அணிந்ததைப் போன்ற அதே கறுப்பு உடையுடன் தோன்றினார். இங்கு அந்த இயந்திரத்தின் தொழில் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தோற்க வேண்டும் என்ற ஒரு விதி மட்டும் அழிந்துவிட்டது. தாங்கள் பராமரிக்கும் இயந்திரங்களுட் சில வேறு இயந்திரங்களாலேயே வடிவமைக்கப்பட்டவை என்றும், அவை எப்படி இயங்குகின்றன என்பது தங்களுக்கே சரியாகத் தெரியாது என்றும் படத்தில் ஒரு நிபுணர் ஒப்புக்கொள்கின்றார். அரை நூற்றாண்டுக்கு முந்திய படத்தில் இதனைக் கேட்கும்போது இன்று சற்றே உடல் சிலிர்க்கின்றது.

மலிவுப் படங்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் இருந்தது என்றால் அது 2024 இல் 98 ஆவது வயதில் காலமான ரோஜர் கோர்மனின் நிறுவனமே. ஜேம்ஸ் கெமரூனும் தயாரிப்பாளர் கேல் ஆன் ஹேர்டும் அங்கே தொழில் பயின்றவர்கள். கெமரூன் தன் கதையின் உரிமையை ஹேர்டுக்கு ஒரு டொலருக்கு விற்றார். இயக்குநர் தானே என்பதுதான் நிபந்தனை. 6.4 மில்லியன் டொலரில் உருவாகி 1984 ஒக்டோபரில் வெளிவந்த 'டேர்மினேட்டர்' அப்படிப் பிறந்தது. அந்த இயந்திரத்திடம் கெஞ்ச முடியாது, பேரம் பேச முடியாது, அதனைக் களைப்படையச் செய்யவும் முடியாது. பெயர் ஒன்று கொடுக்கப்பட்டுள்ளது. தொலைபேசி விபரக்கொத்தில் அந்தப் பெயருக்குரிய பெண்களை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று கொல்கின்றது. அவ்வளவுதான். அப்படம் பெற்ற வெற்றிக்குப் பின் ஏறத்தாழ 100 மில்லியன் டொலர் செலவில் 1991 இல் எடுக்கப்பட்ட இரண்டாம் பாகத்தில் அதே இயந்திரம் ஒரு சிறுவனின் பாதுகாவலனாகிவிடுகின்றது. பணம் வந்தவுடன் இரும்புக்கும் இரக்கம் வந்துவிட்டது. எனக்கு உறுத்தும் உண்மை முதற் படத்தில்தான் இருக்கின்றது.

கோர்மனின் மனைவி ஜூலி கோர்மன் தயாரிக்க, ஜிம் வைனோர்ஸ்கி இயக்கிய படம் 1986 இல் 'கில்பொட்ஸ்' என்ற பெயரில் வெளியாகித் தோற்றது. பின்னர் பேரங்காடியைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தைத் திரித்து, வெட்டிக்கொல்லும் அங்காடி என்று பொருள்படும் 'சொப்பிங் மோல்' என்ற பெயரைச் சூட்டினார்கள். வீடியோ நாடா அதனை வாழவைத்தது. இரவில் கள்வரைப் பிடிப்பதற்காகப் பேரங்காடியில் அமர்த்தப்பட்ட மூன்று காவல் ரோபோக்களின் கணினியை மின்னல் தாக்குகின்றது. அதன் பின்னரும் அவை காவல்தான் காக்கின்றன. கள்வர் யார், உள்ளே தங்கிவிட்ட இளைஞர் யார் என்ற வேறுபாடு மட்டும் தொலைந்துவிடுகின்றது. கொன்ற பின்னர் ஒவ்வொரு முறையும் நன்றி கூறி, நல்ல நாளாக அமைய வாழ்த்துகின்றன. அடையாள அட்டையைக் காட்டச் சொல்லும் இயந்திரத்தின் முன் உயிர் நடுங்க நிற்பது எப்படியிருக்கும் என்பதை அமெரிக்க இளைஞர்கள் கற்பனையில்தான் கண்டார்கள். எங்கள் தலைமுறைக்கு அந்தக் கற்பனை தேவைப்படவில்லை.

தென்னாபிரிக்காவில் பிறந்த ரிச்சர்ட் ஸ்டான்லி 1990 இல் இயக்கிய 'ஹார்ட்வெயார்' இந்த வரிசையில் என் மனதுக்கு மிக நெருக்கமானது. பாலைவனத்தில் கண்டெடுத்த ரோபோத் தலையொன்றைக் காதலன் சிற்பியான தன் காதலிக்குப் பரிசளிக்கின்றான். அவள் அதற்கு வர்ணம் பூசிக் கலைப்பொருளாக்குகின்றாள். அதுவோ வீட்டில் கிடக்கும் கருவிகளைக்கொண்டு தன் உடலைத் தானே கட்டியெழுப்பிக்கொள்கின்றது. சனத்தொகையைக் குறைப்பதற்காக அரசாங்கமே உருவாக்கிய ஆயுதம் அது என்பது பின்னர்தான் தெரியவருகின்றது. கதையின் பெரும்பகுதி ஒரே வீட்டுக்குள் நிகழ்கின்றது. செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடாக இருக்கலாம். ஆயினும், யுத்த முனையில் இருக்க வேண்டிய ஆயுதம் வரவேற்பறைக்குள் எழுந்து நிற்கும் அந்தக் காட்சியைக் கோடிக்கணக்கில் செலவழித்த எந்தப் படமும் எனக்குத் தந்ததில்லை.

இனி, திரைக்கு வெளியே வருவோம். லிபியா தொடர்பான ஐ.நா. நிபுணர் குழு 2021 இல் வெளியிட்ட அறிக்கை, இயக்குபவருடன் தொடர்பில்லாமலே இலக்கைத் தாக்குமாறு நிரற்படுத்தப்பட்ட ஆயுதங்கள் அங்கு பயன்படுத்தப்பட்டதாகக் கூறியது. இத்தகைய ஆயுதங்கள் பற்றி அவசரமாகக் கவனஞ்செலுத்த வேண்டும் என்ற தீர்மானத்தை 2023 டிசெம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றியது. 152 நாடுகள் ஆதரித்தன. நான்கு நாடுகள் எதிர்த்தன.

வன்னியின் இறுதி யுத்த காலத்தில் வானில் இரைந்துகொண்டிருந்த ஆளில்லா வேவு விமானத்தை மக்கள் 'வண்டு' என்று அழைத்தார்கள். வண்டு வந்து போனால் பின்னால் எறிகணை வரும் என்று இடம்பெயர்ந்து வந்தோர் எங்களிடம் கூறினார்கள். அந்த வண்டின் மறுமுனையில் திரையைப் பார்த்தபடி ஒரு மனிதன் இருந்தான். அவன் தயங்கினானா இல்லையா என்பது வேறு கதை. தயங்குவதற்கான வாய்ப்பு அவனுக்கு இருந்தது; தயங்கவில்லையெனில் ஒரு நாள் அவனைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு எங்களுக்கும் இருந்தது. இன்று ஆயுதத் தொழிற்சாலைகள் அகற்ற முனைவது அந்த மனிதனைத்தான்.

சாபெக்கின் ரோபோ கோபத்தினால் கொன்றது. கோபத்துடன் பேசலாம், அதனைத் தணிக்கலாம். கட்டளையை மட்டும் அறிந்த இயந்திரத்துடன் என்ன பேசுவது? மலிவுப் படங்கள் இக்கேள்வியைத் தகரத்தையும் சவர்க்காரக் குமிழியையும் வைத்துக்கொண்டு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே கேட்கத் தொடங்கிவிட்டன. உலகின் மிக மோசமான படத்தில் வரும் அந்தக் குரங்கு ரோபோவைப் பார்த்து முன்னர் வாய்விட்டுச் சிரித்திருக்கின்றேன். அண்மையில் மீண்டும் பார்த்தபோது, அது தயங்கி நிற்கும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.