தொடக்கப்பள்ளி உடற்கல்வி (திருச்சிராப்பள்ளி, திருவரங்கம்)

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்கு ஓட்டம், தாண்டல், எறிதல், உடற்சமநிலை, குழு விளையாட்டு ஆகியவற்றைக் கற்றுத்தரும் பாடம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடலும் விளையாட்டுப் பொருள்களும் வேண்டும் என்கிறது. ஆனால், உடற்கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநரை அது 100 பேருக்கு மேல் பயிலும் பள்ளிகளின் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கே கேட்கிறது. எனவே அரசுத் தொடக்கப்பள்ளிகளில் இப்பாடம் பெரும்பாலும் வகுப்பாசிரியர் கையில்தான் இருக்கிறது. உடலசைவின் அடிப்படைகள் படியும் வயதில் இப்பாடத்துக்கெனப் பயின்றவர் இல்லாமற்போவது பெருங்குறை.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவான திருவரங்கத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகள் நெருக்கமானவை. அங்கே திறந்தவெளி அரிது. கோடையில் திருச்சி வெயில் 40 பாகையைத் தாண்டும். ஆகவே காலை வேளையும் மரநிழலும் பாடவேளையைத் தீர்மானிக்க வேண்டும். சிறிய முற்றத்துக்குப் பாண்டி, கிளித்தட்டு, கோ-கோ போன்றவை மிகப் பொருந்தும்: கோடு போட ஒரு சுண்ணக்கட்டி போதும்.

இக்குழந்தைகளுக்கு முன்மாதிரிகளும் அருகிலேயே உண்டு: திருச்சி மாவட்டத்து ஓட்டக்காரர்களான ஆரோக்கிய ராஜீவ், சுபா வெங்கடேசன் இருவரும் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினர்.