ஒல்லாந்தின் கரையோரப் பீட் நிலங்கள்: உருவாக்கமும் தாழ்வும்

முன்னுரை

நெதர்லாந்தின் வரலாறு பெரும்பாலும் கடலை வென்ற மக்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், அந்நாட்டின் மேற்குப் பகுதியாகிய ஒல்லாந்தில் கடல் மேலேறியது மட்டுமன்று, நிலமும் கீழிறங்கியது. அதற்கான காரணம் அங்குள்ள பீட் மண்ணின் இயல்பில் அடங்கியுள்ளது. அம்மண் உருவான முறையையும், மனித முயற்சியால் அது தாழ்ந்த வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மண் உருவான முறை

பனியூழிக்குப்பின் விரைந்து உயர்ந்த கடல்மட்டம் ஏறத்தாழ 6000 ஆண்டுகளுக்கு முன்னர் வேகம் தணிந்தது. அதனையடுத்துக் கரையோரத்தில் மணல்மேடுகள் அரணாக எழுந்தன. அவற்றின் பின்னிருந்த உப்பங்கழிகள் வண்டல் படிந்து தூர்ந்து, ஆற்றுநீராலும் மழைநீராலும் நன்னீர்ச் சதுப்புகளாயின. அங்கு நாணலும் கோரையும், பின்னர் ஆல்டர் மரங்களும் செழித்தன. மடிந்த தாவரங்கள் நீரில் மூழ்கிக் கிடந்தமையால் உயிர்வளி போதாமல் முழுமையாக மட்கவில்லை. அவ்வெச்சங்களே ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் அளவில் படிந்து பீட் மண்ணாயின. ஆறுகளிலிருந்து விலகிய இடங்களில் மழைநீரை மட்டுமே நம்பி வளரும் ஸ்பேக்னம் பாசி பரவி, சில மீட்டர் உயர்ந்த மேடுகளை ஆக்கியது. எனவே, இந்நிலம் தொடக்கத்தில் கடல்மட்டத்திற்கு மேலேயே இருந்தது என்பது கருதத்தக்கது.

வடிகாலும் விளைவும்

10ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை இம்மேடுகள் வேளாண்மைக்குத் திருத்தப்பட்டன. ஒல்லாந்துக் கோமகன்களும் உட்ரெக்ட் ஆயர்களும் 'கோப்' எனப்பட்ட ஒப்பந்தங்களின்வழிக் குடியேறிகளுக்கு நிலம் அளித்தனர். குடியேறிகள் இணை வாய்க்கால்களை வெட்டி நீரை வடித்துத் தானியம் பயிரிட்டனர். நீர் வடிந்ததும் மண் சுருங்கியது. காற்றுப் புகுந்ததும் மட்காதிருந்த எச்சங்கள் சிதைந்து கரியமில வாயுவாக வெளியேறின. நிலம் தாழ்ந்து மீண்டும் ஈரம் மிகவே, வாய்க்கால்கள் ஆழமாக்கப்பட்டன; நிலம் மேலும் தாழ்ந்தது. தானிய வேளாண்மை நலிந்து மேய்ச்சல் மேலோங்கியது. 15ஆம் நூற்றாண்டு முதல் நீரிறைக்கக் காற்றாலைகள் தேவைப்பட்டன.

எரிபொருளுக்காகவும் உப்புக்காகவும் பீட் வெட்டப்பட்டமை இழப்பை மிகுவித்தது. 1421 நவம்பரில் புயல்வெள்ளத்துக்கு உள்ளான குரோத்தே வார்ட் பகுதியின் அழிவில், அணைகளின் அருகே பீட் அகழ்ந்ததற்கும் பங்குண்டு என்பர். கரைப் பீட்டை அரித்தே விரிந்த ஹார்லெம் ஏரி, 1849 முதல் 1852 வரை மூன்று நீராவி இறைப்பு நிலையங்களால் வற்றச்செய்யப்பட்டது.

முடிவுரை

இன்று நெதர்லாந்தின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் கடல்மட்டத்திற்குக் கீழே உள்ளது. அத்தாழ்வில் கணிசமான பகுதி கடல் தந்ததன்று, வடிகால் தந்தது. நீர் ஆக்கிய மண்ணை நீரிலிருந்து பிரித்ததன் விலையையே ஒவ்வொரு தலைமுறையும் அணையாகவும் ஆலையாகவும் செலுத்தி வந்துள்ளது. ஆகவே, ஒல்லாந்தின் வரலாற்றைக் கடலுடன் நிகழ்ந்த போராகக் காண்பதினும், தன் மண்ணுடன் மக்கள் கொண்ட உறவின் விளைவாகக் காண்பதே பொருத்தமுடையது எனலாம்.