விளிம்பின் சரித்திரம்

மார்கழி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாயின் வழியே கோயம்புத்தூர்ச் சமவெளியிலிருந்து புகுந்து, பனைமரங்களின் தலையை இரவும் பகலும் உலுக்கிக்கொண்டு, சோகநாசினியின் கரைகளைத் தடவிச் செல்லும் கீழைக்காற்றையே குளிர்காலம் என்று தலைமுறை தலைமுறையாக அறிந்துவந்திருக்கும் சித்தூர்த் தாலுகாவாசிகளுக்கு, காலில் ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு வெண்பனியின்மேல் சறுக்கும் வித்தையின் சரித்திரம் தங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயமாகத் தோன்றுவது இயல்பே. நம்மவர்களில் வசதியுள்ளோர் தை மாதத்து விடியற்காலையில் மூணாறு வரை சென்று, லட்சுமி, செவன்மலை முதலான தேயிலைத் தோட்டங்களின் புல்தரையில் வெளுத்துப் படிந்திருக்கும் உறைபனியை விரலால் தொட்டுப் பார்த்து, வெயில் ஏறுவதற்குள் அது மாயமாய் மறைவதையும் கண்டு திரும்புகிறார்கள். வந்தவர்களுக்கு ஆனந்தம் தரும் அந்தப் பனியே கொழுந்தைக் கருக்கிவிடும் என்று தோட்டத்தார் கவலைப்படுவார்கள். கேரளத்தில் குளிர்கால உல்லாசப் பிரயாணம் என்பதற்கு எல்லை அதுதான்.

ஆயினும் பனிச்சறுக்கு நம் தேசத்தில் வேரூன்றிய வரலாற்றை நிதானமாக ஆராய்வோர், அதன் முக்கியமான கட்டங்கள் இரண்டில் குடகையும் தலச்சேரியையும் பூர்விகமாகக் கொண்ட இருவர் நிற்பதைக் காண்பார்கள். அதைவிட முக்கியமாக, இந்த வித்தையின் ஜீவநாடி வேகத்திலோ சாகசத்திலோ இல்லாமல், ஒரு மெல்லிய எஃகு விளிம்பைப் பதம் கெடாமல் காத்துவரும் கைத்தொழிலில் இருப்பதையும் காண்பார்கள். பாளை சீவும் அரிவாளைத் தீட்டுப்பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவித் தினமும் தீட்டாமல் மரம் ஏறாத தொழிலாளர்கள் நிறைந்த நம் சித்தூரில், விளிம்பின் மகிமையை ஒருவர் சொல்லி மற்றொருவர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பனிப் பிரதேசங்களில் மரச் சட்டங்களைக் காலில் பூட்டி நடந்தது பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம். அது ஒரு பிரயாண சாதனமாக இருந்தவரையில் விளிம்பைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நார்வே தேசத்து மோர்கெடால் என்னும் கிராமத்தில் 1825இல் பிறந்த சோந்த்ரே நோர்ஹைம், ஏழைக் குடியானவராக இருந்துகொண்டே, இரு முனைகளும் அகன்று நடுப்பகுதி குறுகி இடைசிறுத்திருக்கும்படியாக ஸ்கீ பலகையைச் செதுக்கினார். பிற்காலத்து நிர்மாணங்கள் அனைத்துக்கும் அந்தச் செதுக்கலே மூலம். இடைசிறுத்த பலகையைப் பக்கவாட்டில் சாய்த்து அழுத்தும்போது, நடுப்பகுதியும் பனியைத் தொடும்வரை பலகை வளைய வேண்டியிருக்கிறது. அவ்வாறு வளைந்த பலகை, தானே ஒரு வட்டத்தின் பகுதியாகிவிடுவதால், நேராகப் போக மறுத்து அந்த வட்டத்தின் வழியே சறுக்குபவனை இட்டுச் செல்கிறது. சாய்வு மிகுந்தால் வட்டம் சுருங்கும், குறைந்தால் விரியும். நோர்ஹைம் 1884இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே 1897இல் காலமானார்.

ஆனால் மரத்தின் விளிம்பு மழுங்கிப்போகும். இறுகி உறைந்த பனிக்கட்டியின்மேல் அது பற்றாமல் வழுக்கிவிடும். செங்குத்தான சரிவில் அந்த வழுக்கலின் விளைவு உயிரையே பாதிக்கக்கூடியது. ஆஸ்திரியாவில் கணக்கெழுதும் உத்தியோகம் பார்த்துவந்த மலையேறியான ருடால்ஃப் லெட்னர், சிறு சிறு எஃகுத் துண்டுகளைப் பலகையின் ஓரத்தில் வரிசையாகத் திருகி இறுக்கும் முறையைக் கண்டு, 1926இல் அதற்குக் காப்புரிமை கோரினார். பனிச்சறுக்கின் சரித்திரத்தில் மலைச்சிகரங்களை வென்றவர்களுக்கும் பந்தயங்களில் ஜயித்தவர்களுக்கும் கிடைத்த கீர்த்தியில் நூற்றில் ஒரு பங்கும் இந்த மனிதருக்குக் கிடைக்கவில்லை என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம். மரத்துக்கு இரும்பு விளிம்பு வாய்த்த பிறகே மனிதன் பனிக்கட்டியின்மேல் தான் நினைத்த இடத்தில் திரும்பவும் நினைத்த இடத்தில் நிற்கவும் சுதந்திரம் பெற்றான்.

லெட்னர் விண்ணப்பம் செய்ததற்கு அடுத்த ஆண்டாகிய 1927இல், காஷ்மீரத்தில் சுமார் 2,650 மீட்டர் உயரத்திலுள்ள குல்மார்க் புல்வெளியில், ஹேடோ, மெட்காஃப் என்னும் ஆங்கில ராணுவ அதிகாரிகள் இருவர் சேர்ந்து இந்திய ஸ்கீ சங்கத்தை ஸ்தாபித்தார்கள். கோடையில் கோல்ஃப் ஆடுவதற்காக வெள்ளைக்காரர்கள் வந்துபோய்க்கொண்டிருந்த அந்த இடம், அதுமுதல் கிறிஸ்துமஸ் காலத்திலும் ஈஸ்டர் காலத்திலும் ஆண்டுக்கு இரு முறை பனிச்சறுக்குத் திருவிழா காணும் இடமாயிற்று. இழுவைக் கம்பிகளோ மின்சாரத் தூக்கிகளோ இல்லாத அக்காலத்தில், பலகையின் அடியில் கடல்நாய்த் தோலை மயிர் பின்னோக்கி இருக்கும்படி கட்டிக்கொண்டு, வழுக்காமல் அடிமேல் அடி வைத்து ஏறுவதே சறுக்குவோர் கையாண்ட முறை. அரை நாள் ஏறிச் சில நிமிஷங்கள் இறங்குவதற்காகவே அவர்கள் அத்தனை பிரயாசையை ஏற்றுக்கொண்டார்கள். அதே காலத்தில் சிம்லாவில், 1920 முதல், இயற்கையாக உறைந்த நீர்ப்பரப்பில் காலணியின் அடியில் கத்தி பூட்டி ஓடும் ஸ்கேட்டிங் களமும் நடந்துவந்தது. இரண்டும் ஆள்வோரின் விளையாட்டுகளாக, உள்ளூர் ஜனங்கள் சுமை தூக்கியும் வேடிக்கை பார்த்தும் நின்ற விளையாட்டுகளாக இருந்தன.

1947இல் அந்நியர்கள் போனார்கள். அவர்களோடு அந்த விளையாட்டும் மறைந்து, சங்கத்தின் ஞாபகம் மட்டும் மிஞ்சியிருக்க வேண்டியது. அப்படி நேராதபடி தடுத்தது யுத்தம் என்பது விசித்திரமான உண்மை. குடகு நாட்டு மடிக்கேரியில் 1906இல் பிறந்த திம்மய்யா, பத்தொன்பதாம் காலாட்படைப் பிரிவின் தளபதியாகக் காஷ்மீரத்தில் இருந்தபோது, 1948 நவம்பரில் ஸோஜி கணவாயின் உயரத்துக்கு டாங்கிகளை ஏற்றிக் கொண்டுபோய் எதிரிகளைத் திகைக்கவைத்தவர். அந்த அனுபவத்தில் பனிமலையில் போரிடும் சேனைக்குப் பனியில் நடமாடத் தெரிந்திருப்பது அவசியம் என்று உணர்ந்து, அதே ஆண்டு டிசம்பரில் குல்மார்க்கில் தம் பிரிவின் ஸ்கீ பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் உயர்மலை யுத்தப் பள்ளி என்று புகழ்பெற்ற ஸ்தாபனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுக்கொடிகளுக்கும் நடுவே பிறந்த ஒருவருடைய தீர்க்கதரிசனத்தால், வெண்பனியில் நிற்கக் கற்ற இந்தியச் சிப்பாய்களின் பரம்பரை ஒன்று உருவாயிற்று. அவர்களைத் தொடர்ந்து, மத்திய அரசு 1968இல் குல்மார்க்கில் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிலையத்தை நிறுவியபோது, சாமானிய ஜனங்களின் பிள்ளைகளுக்கும் பலகை கிடைத்தது. மணாலியில் 1961இல் தொடங்கிய மலையேற்ற நிலையமும் குலூப் பள்ளத்தாக்கின் இளைஞர்களுக்கு அவ்விதமே உதவிற்று.

இதுவரை சொன்னதெல்லாம் இரு கால்களுக்கு இரு சட்டங்கள் என்ற பழைய ஏற்பாடு. ஒரே பலகையில் இரு கால்களையும் குறுக்காகப் பூட்டி நிற்கும் ஸ்நோபோர்டு, 1965ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று, அமெரிக்காவின் மிஷிகன் மாகாணத்து மஸ்கீகன் நகரத்தில் பிறந்தது. ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் மகள்களுக்கு விளையாட்டுச் சாமானாக இரண்டு குழந்தை ஸ்கீக்களைச் சேர்த்துத் திருகி, முனையில் ஒரு கயிற்றையும் கட்டிக் கொடுத்தார். அதற்கு எஃகு விளிம்பு கிடையாது. மலைச்சரிவுகளில் புதுப்பனியில் மட்டுமே ஓடும். 1977இல் வெர்மான்ட் மாகாணத்தில் பலகை செய்யத் தொடங்கிய ஜேக் பர்ட்டனும் அவரைப் போன்ற சிலரும், காலைப் பூட்டும் கட்டுகளையும் எஃகு விளிம்பையும் பிளாஸ்டிக் அடித்தளத்தையும் சேர்த்துச் சேர்த்து அந்த விளையாட்டுச் சாமானை ஒரு பெரிய கருவியாக வளர்த்தார்கள். ஸ்கீ மைதானங்களின் சொந்தக்காரர்கள் முதலில் அதை உள்ளே விட மறுத்தார்கள். 1983இல் வெர்மான்டின் ஸ்ட்ராட்டன் மலை கதவைத் திறந்தது. பாப்பனும் பர்ட்டனும் 2019இல், சில மாத இடைவெளியில் காலமானார்கள்.

அந்தப் பலகையின் கிளைகளில் நோர்ஹைமுக்கும் லெட்னருக்கும் நேரான வாரிசு என்று நான் மதிப்பது கார்விங் எனப்படும் பிரிவையே. சாதாரணப் பலகை இடையில் ஏறக்குறைய இருபத்தைந்து சென்டிமீட்டர் அகலமிருக்க, இந்தப் பிரிவின் பந்தயப் பலகை இருபது சென்டிமீட்டருக்கும் குறுகியது. நீளமோ ஆள் உயரத்தையும் மிஞ்சக்கூடியது. மெத்தென்ற காலணிக்குப் பதில் கெட்டிப் பிளாஸ்டிக் காலணி. அதைக் கவ்வும் உலோகத் தட்டு. பாதங்கள் இரண்டும் பலகையின் முனையை நோக்கி வெகுவாகத் திருப்பிப் பூட்டப்பட்டிருக்கும். இத்தனை ஏற்பாடும் ஒரே நோக்கத்துக்காக: உடலின் முழுப் பாரத்தையும் அந்த எஃகு விளிம்பின்மேல், சறுக்காமல், சிதறாமல், பனியில் மெல்லிய ஒரு கோடு மட்டும் விழும்படி இறக்குவதற்காக. கைதேர்ந்தவர்கள் திரும்பும்போது இடுப்பு தரையை உரசும் அளவுக்குச் சாய்ந்துவிடுகிறார்கள். அந்தச் சாய்வைத் தாங்குவது ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் எஃகு.

அதைப் பேணும் வேலை மலையடிவாரத்துப் பட்டறைகளில் பெரும்பாலும் மாலைவேளையில் நடைபெறுகிறது. பலகையை அடிப்புறம் மேலாக மேஜைக் கிடுக்கியில் இறுக்கிவைத்து, கல் கீறிய குழிகளில் பிளாஸ்டிக் குச்சியை உருக்கிச் சொட்டி நிரப்பி, ஆறியபின் சீவிச் சமன் செய்கிறார்கள். பிறகு அரம். அரத்தைக் கையால் மட்டும் பிடித்தால் கோணம் தப்பிவிடுமாதலால், எண்பத்தெட்டு அல்லது எண்பத்தேழு பாகைக்கு அமைத்த ஒரு வழிகாட்டிச் சட்டத்தில் பூட்டி, முனையிலிருந்து வால்வரை ஒரே திசையில், அழுத்தாமல், நீண்ட இழுப்புகளாக இழுக்கிறார்கள். நன்றாகப் பிடிக்கும் அரத்துக்கு ஒரு சத்தம் உண்டு; கல்லில் அடிபட்டு இறுகிப்போன எஃகின்மேல் அரம் வழுக்கும்போது அந்தச் சத்தம் மாறுவதைக் கேட்டு, அங்கே முதலில் வைரக்கல்லைத் தேய்க்க வேண்டுமென்று தெரிந்துகொள்கிறார்கள். அரம் விட்டுச்சென்ற பிசிறையும் அதே கல்லால் எடுத்தபின், நகத்தை விளிம்பின் குறுக்கே இலேசாக இழுத்துப் பார்ப்பதே பரீட்சை: நகத்திலிருந்து வெண்ணிறத் தூள் சீவி விழுந்தால் பதம் சரி. முனையிலும் வாலிலும் மட்டும் கூர்மையைச் சற்றே மழுக்கிவிடுவார்கள். இல்லாவிடில் எதிர்பாராத இடத்தில் பலகை பனியைக் கவ்வி ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.

கடைசியில் மெழுகு. புகை எழாத அளவு சூட்டில் இஸ்திரிப்பெட்டியைப் பிடித்து, மெழுகுக் கட்டியை அதன்மேல் வைத்துச் சொட்டவிட்டு, அடித்தளம் முழுதும் பரப்பி, நுண்துளைகள் அதைக் குடிக்கும்வரை காத்திருந்து, முற்றிலும் ஆறிய பிறகு சுரண்டி, பித்தளைத் தூரிகையாலும் நைலான் தூரிகையாலும் தேய்க்கிறார்கள். பூசிய மெழுகில் பெரும்பகுதி சுரண்டலிலேயே போய்விடுகிறது. உள்ளே ஊறியதுதான் மறுநாள் ஓடுகிறது.

ஸ்நோபோர்டு முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1998இல், ஜப்பானின் நகானோவில். பெருஞ்சரிவுப் பந்தயத்தில் கானடாவின் ராஸ் ரெபாக்லியாட்டியும் பிரான்சின் கரீன் ரூபியும் தங்கம் பெற்றார்கள். அந்த நகானோவில் இந்தியக் கொடியின்கீழ் நின்ற ஒரே ஆள், தலச்சேரித் தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் பிறந்து மணாலிக்கு அருகிலுள்ள வசிஷ்ட் கிராமத்தில் வளர்ந்த பதினாறு வயதுப் பையன், சிவ கேசவன். அவர் ஓட்டியது ஸ்நோபோர்டு அன்று; மல்லாந்து படுத்துக்கொண்டு உறைந்த கால்வாயில் பாயும் லூஜ் என்னும் சறுக்குவண்டி. ஆயினும் அதற்கும் அடியில் இரண்டு எஃகுத் தண்டுகள்தாம். பந்தயத்துக்கு முன் உப்புத்தாளால் மணிக்கணக்கில் தேய்த்து மெருகேற்றும் அதே கைவேலைதான். உறைகால்வாய் இல்லாத நம் தேசத்தில், வண்டிக்குச் சக்கரம் பூட்டி, லாரிகளும் ஆட்டுமந்தைகளும் போகும் இமயமலைச் சாலைகளில் அவர் பயிற்சி செய்தார். ஆசியப் போட்டியில் 2011இல், அதே நகானோவில், தங்கப் பதக்கம் பெற்றார். ஆறு ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்டு 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் விடைபெற்றார். அந்தப் பியோங்சாங்கில்தான் செக் நாட்டு எஸ்டர் லெடெட்ஸ்கா ஸ்கீயிலும் ஸ்நோபோர்டிலும் ஒருசேரத் தங்கம் வென்று, இருவகை விளிம்பும் ஒரே கலைதான் என்பதை உலகத்துக்கு நிரூபித்தார்.

குல்மார்க்கிலோ, 1998இல் கம்பிவட ஊர்தியின் முதற்பகுதியும் 2005இல் அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,980 மீட்டர்வரை செல்லும் இரண்டாம் பகுதியும் திறக்கப்பட்டபின், அரை நாள் ஏற்றம் சில நிமிஷங்களில் முடிந்துவிட்டது. உலகெங்கிலுமிருந்து ஸ்நோபோர்டுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். மணாலிக்கு அருகிலுள்ள புருவா கிராமத்து ஆஞ்சல் தாக்கூர் 2018இல் துருக்கியில் நடந்த சர்வதேசப் போட்டியில் வெண்கலம் பெற்றார். குல்மார்க்கின் அடிவாரத்து ஆரிஃப் கான் 2022இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே பிரதிநிதியாக ஸ்கீ பந்தயங்களில் இறங்கினார். திம்மய்யாவின் குடகிலிருந்தே பவானி என்னும் பெண்மணி நெடுந்தூர ஸ்கீ ஓட்டத்தில் அகில இந்தியப் பதக்கங்களைப் பெற்றிருப்பதை எண்ணும்போது மனம் நிறைகிறது.

இப்போதைய கவலை வேறு. 2024 ஜனவரியில் குல்மார்க்கின் சரிவுகள் பனியின்றிப் பழுப்பு நிறமாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் அங்கே நடைபெற வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், போதிய பனி விழாமையால் ஒத்திவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. மார்ச் மாதத்துப் பனி காலையில் கட்டியாகவும் மதியத்தில் குழம்பாகவும் இருப்பதால், இருவேளைக்கும் இருவகை மெழுகு வேண்டியிருக்கிறது. வெப்பப் பனிக்கு மிகவும் உகந்ததாக இருந்த ஃபுளோரின் கலந்த மெழுகையோ, அது மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கிவிடும் நஞ்சு என்பதால், சர்வதேச ஸ்கீ சம்மேளனம் 2023-24 பருவத்திலிருந்து பந்தயங்களில் அடியோடு தடைசெய்துவிட்டது. ஆகவே பட்டறைக்காரர்கள் இப்போது பழைய பாரபின் மெழுகுகளையே விதவிதமாகக் கலந்து, சரிவின் ஓரத்தில் வெப்பமானியைப் பனிக்குள் செருகிப் பார்த்து, எந்தக் கலவை எந்தப் பாகைக்கு ஓடுகிறது என்று குறிப்பேட்டில் எழுதிவருகிறார்கள்.